அம்மா வழி: பிறந்த வீட்டுக் கதையைத் திரட்டி வைக்க ஒரு முழு வழிகாட்டி

போன ஆடி அமாவாசையன்று கடற்கரையில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தோம், நானும் தம்பியும். ஐயர் பெயர்களைக் கேட்டார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று அப்பா வழியில் மூன்று தலைமுறையும் தடங்கலில்லாமல் வந்தது. அடுத்து "அம்மா வழி சொல்லுங்க" என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன், பாட்டி பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் போகவில்லை. தம்பியைப் பார்த்தேன், அவன் தாம்பாளத்திலிருந்த எள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தவர். "பரவால்ல, பொதுவா சொல்லிக்கலாம்" என்று தண்ணீரை விடச் சொல்லிவிட்டார்.

அம்மா இறந்து அப்போது எட்டு மாதம். அவர் உடம்பின்மேல் பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்தியது மாமாதான். ஆனால் அந்தப் பிறந்த வீடு எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தது என்று கேட்டால் எனக்கு நாலு வரி சொல்லத் தெரியாது. நம்மில் பலர் வீட்டில் இதே கதைதான். குலதெய்வம் அப்பா வழி, பங்காளிகள் அப்பா வழி. அம்மா வழி என்பது தீபாவளிக்குப் போய் வந்த பாட்டி வீடு, அவ்வளவுதான். பாட்டி போனதும் அந்தக் கதவும் மூடிக்கொள்கிறது.

அதற்கப்புறம் ஒரு வருஷமாகப் மலேசியாவில் பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரையிலுள்ள நிபோங் திபாலுக்கும் அலைந்து திரட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வரிசைக்கு ஒரே விதிதான்: எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுங்கள். பலர் வம்சாவளி மரம் வரைவதில் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசி வேலை. அரசாங்கத்திடம் இருக்கிற காகிதம் அடுத்த வருஷமும் இருக்கும். 78 வயதுப் பெரியம்மாவின் ஞாபகத்தை அப்படி நம்பி வைத்திருக்க முடியாது.

1. கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்

நான் செய்த முதல் தப்பு இது. அம்மாவின் கைப்பேசியைப் பார்க்க மனசு வராமல், அவர் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்துச் சார்ஜ் போட்டால், பிரிபெய்டு எண்ணுக்குப் பணம் போடாததால் எண்ணே போய்விட்டிருந்தது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் கிடந்தால் பொதுவாக அழிக்கப்பட்டுவிடும். மறுபடி திறக்க அந்த எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்புவார்கள். எண் நம்மிடம் இல்லை.

ஆண்ட்ராய்டு போன் என்பதால் தப்பித்தேன். அதில் வாட்ஸ்அப் கோப்புறைக்குள் குரல் பதிவுகளுக்கென்று தனிக் கோப்புறை இருக்கிறது. கணக்கு போனாலும் அந்தக் கோப்புகள் போனிலேயே கிடந்தன. செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முதலில் கோப்புகளைக் கணினிக்கு மாற்றுங்கள்.

நீங்கள் என்னைப்போல் தாமதிக்காமல் இருந்தால் வேலை எளிது. எண்ணுக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு உயிரோடு வையுங்கள். ஒவ்வொரு உரையாடலையும் படங்கள், குரல்களோடு சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். கூகுள் கணக்கு இருந்தால் அதிலுள்ள படங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். பிறகு மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். என் மூன்றாவது பிரதி கோலாலம்பூரில் தங்கை வீட்டில் இருக்கிறது.

அப்புறம், உங்கள் சொந்த போனையும் பாருங்கள். அம்மா எனக்கு அனுப்பியதில் ஒன்று பதினோரு விநாடி. "பசியாறிட்டியா? சாயந்தரம் வரும்போது பாசார்ல கங்கோங் கெடச்சா ஒரு கட்டு வாங்கியா. மழை வருது, தலைய நனச்சிக்காத." பின்னால் மாமி வீட்டுக் கோழி கத்துகிறது. அந்தக் கோழிச் சத்தத்தை வெட்டிச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று மருமகன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன்.

2. பெரியவர்களிடம் உட்காருங்கள்

அம்மாவுடன் பிறந்தவர்கள், அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்துச் சிநேகிதிகள், பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் என்று வயதுப்படி ஒரு பட்டியல் போடுங்கள். மூத்தவரிடம் முதலில் போங்கள். உடம்பு சரியில்லாதவர் இருந்தால் அவரிடம் அதற்கும் முன்னால்.

பதிவு செய்யப் பெரிய கருவி வேண்டியதில்லை. கைப்பேசியை மடித்த துண்டின்மேல் வைத்தால் மேசை தட்டும் சத்தம் ஏறாது. காற்றாடி நேராக அதன்மேல் வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் அதை நிறுத்தச் சொல்வது பாவம். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அவர்களுக்கும் அலுப்பு, நமக்கும் காது அடைக்கும்.

"அம்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "ரொம்ப நல்லவ, பாவம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பொருளையும் வழியையும் கேளுங்கள். "காலையில பெரட்டுக்கு எத்தன மணிக்கு எழுந்திரிப்பீங்க? கைப்பிள்ளைய யார்கிட்ட விடுவீங்க?" என்று கேட்டதில் (பெரட்டு என்பது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) ஆயாக் கொட்டகையும், அங்கே தூளி ஆட்டிய கிழவியும், இருட்டில் நெற்றியில் கட்டிய விளக்கும், மங்கில் (மரத்தில் வைக்கும் கிண்ணத்தில்) சேர்ந்த ரப்பர் பாலைச் சுமந்துபோய் நிறுவைக்கு நிற்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "தைப்பூசத்துக்கு எதுல வருவீங்க?" என்று கேட்டேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு லாரி, பட்டர்வொர்த், ஃபெர்ரி, அங்கிருந்து தண்ணீர்மலைக்கு நடை என்று வழியைச் சொல்லிக்கொண்டே போனார். பாலம் 1985-இல்தான் வந்தது. அதற்கு முன் தீவுக்கு வர ஃபெர்ரியை விட்டால் வழியில்லை. வெள்ளி ரதத்துக்குப் பின்னால் நடந்தபோது அம்மாவின் ஒரு செருப்பு கூட்டத்தில் போனதும், மறு செருப்பைத் தூக்கிப்போட மனசில்லாமல் கையிலேயே தோட்டம் வரை கொண்டுவந்ததும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

உறவுமுறைச் சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஊர் மறந்துபோன குடும்பத்திலும் இவை ஊரைக் காட்டிக்கொடுக்கும். அம்மாவின் அம்மாவை அமுச்சி, அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்றால் கொங்குப் பக்கம். அம்மாயி என்றால் திருச்சி, நாமக்கல், சேலம் வட்டாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாச்சி என்றால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் தேடலாம். ஆட்களின் பெயர்களும் அப்படித்தான். ஒச்சம்மாள் என்றால் உசிலம்பட்டிப் பக்கம், பச்சையம்மாள் என்றால் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம், பெரியண்ணன் என்றால் கொல்லிமலை அடிவாரம் என்று ஒரு ஊகம் செய்யலாம். ஊகம்தான், சத்தியம் இல்லை.

முடிந்தால் இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வையுங்கள். நாம் கேட்பதைவிட அவர்கள் ஒருவரையொருவர் மறுப்பதில்தான் சரக்கு இருக்கிறது. "எங்க இருந்துச்சு கிணறு, கள்ளுக்கடைக்கு முன்னயா பின்னயா?" என்று பெரியம்மாவும் மாமாவும் இருபது நிமிஷம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையை வைத்துத்தான் லயத்தின் வரைபடமே போட்டேன்.

சில கதைகள் கனமானவை. தாத்தாவின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டவர். 1942, 43-இல் தோட்டங்களிலிருந்து போன அத்தனை தமிழர்களில் திரும்பாதவர்களில் ஒருவர். சின்னத் தாத்தா குடும்பம் 1969-க்குப் பிறகு வேலை பர்மிட் கெடுபிடியில் ஊருக்கே கப்பலேறிவிட்டது. இவற்றைக் கேட்கும்போது பதிவை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். சாதி, கடன், ஓடிப்போன கல்யாணம் எல்லாம் வரும். எழுதி வைக்கலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

3. அடுப்படி

"கண்ணளவு, கையளவு" என்பார்கள். அந்த அளவைப் பிடிக்க ஒரு சின்ன தந்திரம்: தராசில் கரண்டியை வைக்காதீர்கள், டப்பாவை வையுங்கள். மசாலா டப்பாவை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மா தன் வழக்கப்படி அள்ளிப் போடட்டும். மறுபடி டப்பாவை நிறுங்கள். வித்தியாசம்தான் அவர் போட்ட அளவு. அவர் கையும் தடுமாறாது, "எவ்வளவு போடணும்?" என்று கேட்டு எரிச்சல் ஊட்டவும் வேண்டாம். உப்பு, எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றுக்கும் இதே வழி.

அம்மாவின் மீன் கறியில் புளி கிடையாது, அசாம் கெப்பிங் என்கிற காய்ந்த புளிப்புக் காய்த் துண்டுதான். நான் பல வருஷம் புளி கரைத்து ஊற்றிவிட்டு "அம்மா கை ருசி வரலையே" என்று புலம்பியவன். தோட்டத்தில் புளி வாங்கக் காசு வேண்டும், அசாம் மரம் பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) நின்றது என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆகவே செய்முறையோடு காரணத்தையும் எழுதுங்கள். எந்தப் பொருள் ஊரிலிருந்து வந்தது, எது இங்கே மலாய்க்காரர், சீனர் அடுப்பிலிருந்து நம் அடுப்புக்கு வந்தது என்று தனியாகக் குறித்தால் அதுவே ஒரு குடியேற்ற வரலாறு. செராயும் (எலுமிச்சைப்புல்) பிளாச்சானும் (இறால் விழுது) எந்தப் பாட்டி காலத்தில் உள்ளே நுழைந்தன என்று கேட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

4. படங்கள், சேலைகள்

ஒட்டும் பக்கம் வைத்த பழைய ஆல்பங்கள்தான் பெரிய எதிரி. பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்றுவிடும். இழுத்துப் பிய்க்காமல், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் மெதுவாக ஓட்டி எடுங்கள். வராவிட்டால் அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் யாரோ எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுதுவதாக இருந்தால் மிருதுவான பென்சில், பால்பாயிண்ட் பேனா கூடாது. லேமினேட் செய்யவே கூடாது. நம் ஈரக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து, அது ஈரமானால் மாற்றுங்கள்.

பட்டுச்சேலையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஜரிகை மடிப்பில் முறியாது. ரசகற்பூரம் ஜரிகையில் படக்கூடாது. ஒரு சேலையையாவது வெட்டித் தைக்காமல் அப்படியே வைத்திருங்கள். மற்றவற்றைப் பேத்திகள் பாவாடையாக்கினால் ஆக்கட்டுமே, அம்மாவே அதைத்தான் செய்திருப்பார்.

5. ஐ.சி.யில் தாத்தா, சூரா பெரானாவில் பாட்டி

இனிதான் காகிதம். நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. கல்யாணம் ஆனாலும் பெண்ணின் அடையாள அட்டையில், அதாவது ஐ.சி.யில், கணவர் பெயர் ஏறாது. இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் 'அ/பெ' போட்டு அப்பா பெயர்தான் கடைசிவரை நிற்கும். ஆகவே அம்மாவின் ஐ.சி.யிலேயே தாத்தா இருக்கிறார். ஆனால் பாட்டி அதில் இல்லை. பாட்டியைப் பிடிக்க அம்மாவின் பிறப்புப் பத்திரம், சூரா பெரானா, வேண்டும். பெண் வழியில் ஒவ்வொரு படி மேலே ஏறவும் ஒரு பிறப்புப் பத்திரம் தேவைப்படும்.

வீட்டில் இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில், உறவைக் காட்டும் பத்திரங்களோடு போய் பிறப்புப் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். கையில் வந்ததும் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். பிறந்த இடம், தகப்பனார் தொழில், தகவல் கொடுத்தவர் யார் என்று ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். அம்மா பிறந்ததைப் பதிந்தவர் தாத்தா அல்ல, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்). அதனால்தான் பாட்டி பெயர் அதில் ஒரு மாதிரியும், அவருடைய சிவப்பு ஐ.சி.யில் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அட்டை) வேறு மாதிரியும் இருக்கிறது. லட்சுமி என்ற ஒரே பெயர் லெட்சுமி, லெச்சிமி, லெட்சிமி என்று எழுதுகிறவர் காதுக்கு ஏற்ப மாறும். எழுத்து ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒரு பத்திரத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

ஐ.சி. எண்ணின் நடு இரண்டு இலக்கமும் பிறந்த இடத்தைச் சொல்லும். 07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர். பழைய அட்டைகளையும் தேடுங்கள். 1948-இல் அவசரகாலம் அறிவித்த பிறகுதான் இங்கே அடையாள அட்டை வந்தது. தோட்டத்துப் பாட்டிகள் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதற்காக எடுத்ததுதான். என் பாட்டி அதில் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் யாரையோ முறைக்கிறார்.

6. தோட்டமும் பள்ளிக்கூடமும்

ரப்பர் தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகிவிட்டிருக்கும். இருந்தாலும் ஒருமுறை போய்வாருங்கள், கூடவே அங்கே வளர்ந்த ஒருவரை அழைத்துக்கொண்டு. கோயில் மட்டும் பெரும்பாலும் நகராமல் நிற்கும். அதன் திருப்பணிக் கல்வெட்டில், உபயதாரர் பலகையில் பெயர்களைத் தேடுங்கள்.

தமிழ்ப்பள்ளியை மறக்கவேண்டாம். பினாங்கு மாநிலத்தில் இப்போது 28 தமிழ்ப்பள்ளிகள். தோட்டம் மூடிய பிறகு இடம் மாறிய பள்ளிகளும் உண்டு, பழைய சேர்க்கைப் பதிவேடு கூடவே போயிருக்கலாம். மரியாதையாக முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அப்பா பெயர், தொழில், சேர்ந்த தேதி, நின்ற தேதி இருக்கும். அம்மா நான்காம் வகுப்போடு நின்றார் என்று தெரியும். தீபாவளிக்கு மறுவாரம் நின்றார் என்பது பதிவேட்டில்தான் தெரிந்தது. அந்த மாதம்தான் சின்ன மாமா பிறந்தார்; பிள்ளை பார்க்க ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

தமிழ் நேசன் பத்திரிகை 1924 முதல் 2019 வரை வந்தது. அதில் வந்த நினைவஞ்சலி விளம்பரங்களை வெட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு, உறவினர்களிடம் கேளுங்கள். சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையச் சேமிப்பில் இலவசமாகப் பார்க்கலாம். தோட்ட நிர்வாகப் பதிவுகளைத் தேடுபவர்கள் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். ஒரு நாள் போதாது.

7. கப்பலுக்கு அப்பால்

பாட்டி ஏழு வயதில் ராஜுலாவில் வந்தவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. ஆகவே கங்காணி திரட்டித் தோட்டத்துக்கு வந்த குடும்பம் என்றால், வந்த வருஷம் பெரும்பாலும் அதற்கு முன்னால்தான். பினாங்கின் குவீன்ஸ்பே பேரங்காடிப் பக்கம் கடற்கரையில் நின்றால் எதிரே தெரிகிற ஜெரஜாக் தீவில்தான் அந்தக் காலத்தில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். பேரங்காடியில் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போதெல்லாம் நான் பார்த்த தீவு. பாட்டி அங்கே இருந்த கதை எனக்கு இந்த வருஷம்தான் தெரியும்.

ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஒரு நீல ஏரோகிராம். எழுத்து மங்கிவிட்டது, ஆனால் அனுப்பியவர் முகவரியில் ஊர், அஞ்சல், "வழி", தாலுகா, ஜில்லா என்று ஐந்து படி இருந்தது. அஞ்சல் முத்திரையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "திருச்சி ஜில்லா" என்றிருந்தால் பெரம்பலூரும் கரூரும் அதில் அடக்கம், அவை 1995-இல்தான் பிரிந்தன. "சேலம் ஜில்லா" என்றால் தருமபுரியையும் நாமக்கல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஊருக்கு நேரில் போகிறவர்கள், தாலுகா அலுவலகத்துக்கு முன் டீக்கடைக்குப் போங்கள். "மலேயாவுக்குப் போன குடும்பம்" என்று சொன்னால் யாராவது ஒரு கிழவரைக் காட்டுவார்கள். நிலம் கேட்டு வந்திருக்கிறோம் என்ற சந்தேகம் வரும். வரவில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

8. திதி, அப்புறம் புத்தகம்

ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதம், பட்சம், திதி, உயிர் பிரிந்த நேரம் நாலையும் எழுதி வையுங்கள். திதி பகல் நடுவிலும் மாறும் என்பதால் நேரம் முக்கியம். தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வருஷத் திவசத்தன்று அப்பா வழி ஆட்களை மட்டும் கூப்பிட்டு முடித்துவிடாமல், அம்மா வழி உறவையும் ஒருநாள் முன்னமே வரச்சொல்லுங்கள். படையலுக்கு என்ன சமைப்பது என்பதில் அவர்கள் பேச்சுதான் நிற்கவேண்டும்.

திரட்டியதை எல்லாம் நாற்பது பக்கத்துக்குள் ஒரு சின்னப் புத்தகமாக அடியுங்கள். பத்திருபது பிரதி போதும், பக்கத்து அச்சுக் கடையிலேயே ஆகும். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்புரை. உறுதியாகத் தெரிந்தது, பெரியவர்கள் சொன்னது, நம் ஊகம் மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். கடைசியில் ஐந்தாறு வெற்றுப் பக்கம் விடுங்கள்.

முதல் பிரதியைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் படித்தார். அழுவார் என்று பயந்து தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். பதினேழாம் பக்கத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"எங்க வீட்டு மாடு செவலைன்னு யாரு சொன்னது? உங்க மாமனா? அது கருப்பு. நெத்தியில மட்டும் வெள்ளை. பென்சில் எடு."